பனிச்சறுக்கு ஊரில் படுக்க இடம் யாருக்கு?

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம்தான் அமெரிக்கப் பனிச்சறுக்கு ஊர்களுக்கு ஆண்டின் பெரும் வசூல் காலம். அதைப் பார்த்துத்தான் 2024 டிசம்பர் 27 அன்று யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி மலையில் சுமார் 200 மீட்புக் காவலர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பனிச்சரிவு ஆபத்தை நீக்கி, இந்தச் சரிவில் இன்று இறங்கலாம் என்று சொல்பவர்கள் அவர்கள்தான். கால் முறிந்தவரைச் சறுக்குப் படுக்கையில் கட்டிக் கீழே கொண்டுவருபவர்களும் அவர்களே. அவர்கள் இல்லாமல் மலையின் பெரும்பகுதியைத் திறக்க முடியவில்லை. ஒரு நாள் சீட்டுக்கு 300 டாலர் வரை கொடுத்தவர்கள், ஓடிக்கொண்டிருந்த சில லிஃப்டுகளின் முன் நீண்ட வரிசையில் கால் கடுக்க நின்றார்கள். கோரிக்கை எளியது: தொடக்க ஊதியம் மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக வேண்டும். ஜனவரி 8 அன்று ஒப்பந்தம் ஏற்பட்டது. 23 டாலர் கிடைத்தது. பார்க் சிட்டி உட்பட நான்கு நாடுகளில் 42 மலைகளை நடத்தும் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம், அவதிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அடுத்த பருவச் சீட்டில் கழிவு தந்து சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. தொழிலாளர்களின் வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின, வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 40 மணி நேரம், பருவத்துக்குச் சுமார் 20 வாரம் என்று வைத்தால், இரண்டு டாலர் உயர்வு பருவம் முழுமைக்கும் 1,600 டாலர். மேற்கு அமெரிக்காவின் பெரிய பனிச்சறுக்கு ஊர்களில் அது ஒற்றை அறை ஒன்றுக்கு ஓரிரு மாத வாடகைக்குத்தான் காணும்.

இந்த ஊர்களின் குளிர்காலத் தொழிலாளர் சிக்கலைச் சம்பளச் சிக்கலாகப் பார்க்கும் வரை அதற்குத் தீர்வு கிடைக்காது. அங்கே தட்டுப்பாடு படுக்கைக்கு. வேலை இருக்கிறது, கூலியும் மற்ற ஊர்களைவிட அதிகம். இரவு தலைசாய்க்க இடம் இல்லை. இந்தக் கட்டுரையின் வாதம் இரண்டு பாதிகள் கொண்டது. மலையூரில் கணிசமான வீடுகள் அந்தப் பள்ளத்தாக்கில் வேலை செய்பவருக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும் என்பது முதல் பாதி. அந்த வீட்டின் சாவி எந்த முதலாளியின் கையிலும் இருக்கக் கூடாது என்பது இரண்டாம் பாதி. முதல் பாதியை இன்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள், நிறுவனங்கள் உட்பட. இரண்டாவதைத்தான் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

விருந்தாளிக்கு இந்த ஊர் காலை ஒன்பது மணிக்கு, முதல் லிஃப்ட் நகரும்போது விழிக்கிறது. அதற்கு முன்பே அங்கே ஒரு முழு வேலைநாள் முடிந்திருக்கும். இரவில் அரை மீட்டர் பனி விழுந்திருந்தால், நள்ளிரவு தாண்டியும் ‘ஸ்னோகேட்’ எனப்படும் சங்கிலிச் சக்கர வண்டிகள் சரிவுகளில் ஏறி இறங்கிப் பனியைச் சீவிச் சமன் செய்துகொண்டிருக்கும். விடிவதற்குள் சாலைகளிலும் வாகன நிறுத்தங்களிலும் பனியைத் தள்ளி ஒதுக்க வேண்டும். மீட்புக் காவலர்கள் இருட்டோடு மேலே போய், பனிச்சரிவு உருவாகக்கூடிய முகடுகளில் வெடிகளைக் கையால் எறிந்து, பின்னால் ஆட்கள் மேல் சரியவிருக்கும் பனியை முன்கூட்டியே சரித்துவிடுகிறார்கள். லிஃப்ட் இயக்குபவர் ஏறுமிடத்து மேடையை மண்வாரியால் வெட்டிச் சரி செய்கிறார். நாள் முழுக்க மைனஸ் பத்து, பதினைந்து டிகிரியில் நின்று, ஓடிவரும் நாற்காலியைக் கையால் பிடித்து, குழந்தைகளைத் தூக்கி அமர்த்துவது அவர் வேலை. கீழே விடுதிகளில் சனிக்கிழமை என்றால் அறை காலி செய்பவர்களும் புதிதாக வருபவர்களும் ஒரே நாளில்: காலை பத்திலிருந்து மாலை நான்குக்குள் படுக்கை விரிப்பு, குளியலறை, சமையலறை எல்லாம் புதிதாகத் தெரிய வேண்டும். இரவில் பாத்திரம் கழுவுபவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர்களில் ஒரு கண்ணி அறுந்தாலும் 300 டாலர் சீட்டுக்குப் பொருளில்லை.

இவர்கள் யார் என்பதில் ஒரு பழைய படிமம் நிலைத்துவிட்டது. படிப்பை முடித்துவிட்டு ஓராண்டு சறுக்கி விளையாட வந்த இளைஞர். இலவச மலைச்சீட்டே அவருக்குச் சம்பளத்தில் பாதி. ஆறு பேர் ஒரே வீட்டில் நெருக்கிப் படுப்பதையும் ஒரு சாகசமாக எடுத்துக்கொள்பவர். விரும்பி வந்த கஷ்டத்துக்கு ஊர் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்ற கேள்வி இந்தப் படிமத்திலிருந்துதான் எழுகிறது. அப்படிப்பட்டவர்கள் இன்றும் உண்டு, அவர்களால்தான் இந்த ஊர்களுக்கு ஒரு களையும் உண்டு. ஆனால் அவர்கள் ஒரு பகுதிதான். அர்ஜென்டினா, பெரு, சிலி நாடுகளிலிருந்து ‘ஜே-1’ எனப்படும் பரிமாற்ற விசாவில் வேலைக்கு வரும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோடை விடுமுறை டிசம்பர் முதல் மார்ச் வரை என்பதால், வடக்கின் குளிர்காலத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. 2020 ஜூனில் அமெரிக்க அரசு இந்த விசாக்களை நிறுத்தி வைத்தபோது, அடுத்த குளிர்காலத்துக்கு ஆள் எங்கே என்று மலையூர்கள் தவித்தன. விடுதி அறைகளையும் சமையலறைகளையும் தாங்குபவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பத்தினர். இவர்களோடு பள்ளி ஆசிரியர், செவிலியர், தீயணைப்பு வீரர், பேருந்து ஓட்டுநர் என்று எந்த ஊருக்கும் வேண்டியவர்களும் சேர்கிறார்கள். இவர்கள் யாரும் சறுக்கி விளையாட வந்தவர்கள் இல்லை.

அந்த நிறுவனத்துக்குப் பெயர் தந்த வெய்ல் ஊரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கொலராடோவில் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பனிமலைப் போருக்கென்று பயிற்சி பெற்ற பத்தாவது மலைப் படைப்பிரிவில் இருந்த பீட் சைபர்ட், அந்த மலையை நன்கறிந்த ஏர்ல் ஈட்டனோடு சேர்ந்து 1962 டிசம்பரில் அதைத் திறந்தார். அதற்கு முன் அங்கே ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆட்டு மேய்ச்சல் நிலம்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிரந்தரவாசிகள் 4,835 பேர். வீடுகளின் எண்ணிக்கை அதைவிடக் கணிசமாக அதிகம். அவற்றில் பாதிக்கு மேல், ஆண்டில் சில வாரம் மட்டும் சொந்தக்காரர் வந்து போகும் விடுமுறை வீடுகள். பள்ளத்தாக்கு குறுகலானது. நடுவே ஐ-70 நெடுஞ்சாலை ஓடுகிறது, இருபுறமும் வெள்ளையாற்றுத் தேசிய வனம் நெருக்குகிறது. புதிதாகக் கட்ட இடம் மிகக் குறைவு. இருக்கும் வீட்டை வாங்க வருபவர் டென்வரிலோ டெக்சஸிலோ நியூயார்க்கிலோ சம்பாதித்த பணத்தோடு வருகிறார். அதே மாநிலத்தின் ஆஸ்பெனில் இந்தப் போக்கு உச்சம் தொட்டு, தனி வீட்டின் இடைநிலை விலை ஒரு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2021இல் கொலராடோவின் கிரெஸ்டட் பியூட், வெள்ளத்துக்கும் தீக்கும் அறிவிப்பதுபோல வீட்டுத் தட்டுப்பாட்டுக்கு அவசரநிலை அறிவித்தது. அதே ஆண்டு இடாகோவின் கெட்சம் நகரமன்றம், தொழிலாளர்கள் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்க அனுமதிக்கலாமா என்று விவாதித்தது. கொலராடோவின் சம்மிட் கவுன்ட்டியில், வேலை இருப்பதற்குச் சான்று காட்டினால் இரவில் சொந்தக் காரிலேயே உறங்க இடம் தரும் வாகன நிறுத்தத் திட்டம் ஒன்று நடக்கிறது. பகலெல்லாம் வேலை செய்துவிட்டுக் காரில் உறங்குபவர்களுக்கென்று ஒரு திட்டம் வகுக்கும் அளவுக்கு அது அங்கே வழக்கமாகிவிட்டது.

சந்தைப் பொருளாதாரம் பேசுபவர்கள் சொல்லும் முதல் மறுப்பு, ஆள் கிடைக்கவில்லையென்றால் கூலியை உயர்த்துங்கள், வீடு தானாக வரும் என்பது. கூலி உயர வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. 2022 மார்ச்சில் வெய்ல் ரிசார்ட்ஸே வட அமெரிக்க மலைகளில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20 டாலர் என்று அறிவித்தது. அன்றைய நிலையில் அது பெரிய உயர்வு. மூன்றாவது குளிர்காலத்திலேயே பார்க் சிட்டி வேலைநிறுத்தம் வந்துவிட்டது. காரணம் மர்மமானதல்ல. ஒரு பள்ளத்தாக்கில் ஆயிரம் அறைகள் இருக்கின்றன, 1,500 பேர் வேலைக்கு வேண்டும் என்றால், எல்லாருக்கும் கூலியை உயர்த்தினாலும் அறைகள் ஆயிரம்தான். உயர்ந்த கூலி வாடகையாகி வீட்டுக்காரரிடம் போய்ச் சேரும். இன்னொன்றும் உண்டு. சாதாரண நகரத்தில் வீட்டுக்குப் போட்டியிடுபவர்கள் அதே நகரத்தில் சம்பாதிப்பவர்கள். அதனால் கூலிக்கும் வாடகைக்கும் ஒரு தூரத்து உறவாவது இருக்கும். இங்கே பாத்திரம் கழுவுபவரோடு போட்டியிடுபவர் வேறொரு நகரத்தின் நிதி நிறுவன முதலீட்டாளர், அல்லது அந்த வீட்டை ஓரிரவு வாடகைக்கு விட்டு வாரத்தில் ஒரு மாத வாடகையைப் பார்த்துவிடும் சொந்தக்காரர். மணிக்கு எத்தனை டாலர் உயர்த்தினாலும் அந்த ஓட்டத்தில் தொழிலாளி ஜெயிக்கப்போவதில்லை. கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் நகரமன்றம் 2021இல் குறுகிய கால வாடகை உரிமங்களுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது இதனால்தான். அது கசிவை நிறுத்தும். ஏற்கெனவே போனதைத் திருப்பித் தராது.

அடுத்து, மலையில்தான் வாழ வேண்டுமா, கீழேயிருந்து வந்து போகலாமே என்ற மறுப்பு. நடைமுறையில் இன்று பெரும்பாலோர் செய்வதும் அதுதான். ஆஸ்பெனுக்கு ஆள் வருவது 60 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள க்ளென்வுட் ஸ்பிரிங்ஸிலிருந்தும் அதற்கும் கீழேயிருந்தும். அந்தத் தடத்தில் ஓடும் விரைவுப் பேருந்துச் சேவை அமெரிக்கக் கிராமப்புறத்தில் அவ்வகையில் முதலாவது, 2013இல் தொடங்கியது, நல்ல சேவை. வெய்லுக்கு வருபவர்களில் பலர் லெட்வில்லிலிருந்து வருகிறார்கள். பழைய சுரங்க ஊர், 3,100 மீட்டர் உயரம், நடுவில் டென்னசி கணவாய், ஒரு வழிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். கோடையில் இது வெறும் அலுப்பு. குளிர்காலத்தில் இதில் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது, அதைப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை. பனிச்சறுக்கு ஊருக்கு ஆட்கள் மிக அதிகம் தேவைப்படும் நாள் பெரும்பனி விழுந்த நாள். கணவாய் மூடுவதும் அதே நாளில்தான். சாலையில் பனி தள்ளுபவர், வெடி எறிபவர், அவசர சிகிச்சைப் பிரிவின் செவிலியர், இவர்கள் எல்லாரும் வந்தாக வேண்டிய காலையில், மூடிய சாலையின் மறுபுறத்தில் நிற்கிறார்கள். மாதம் முழுவதும் சாலை திறந்திருந்து, அந்த நான்கைந்து நாள் மட்டும் மூடினாலும் ஊர் தவித்துப்போகும். வயோமிங்கின் ஜாக்சனுக்கு 2024 ஜூன் 8 அன்று கோடையிலேயே இதன் முன்னோட்டம் கிடைத்தது. இடாகோவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தினமும் கடந்து வரும் டீட்டன் கணவாய்ச் சாலையின் ஒரு துண்டு நிலச்சரிவில் அப்படியே சரிந்து விழுந்தது. மாற்றுச் சாலை போட மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை அரைமணி, முக்கால் மணி நேரப் பயணம் 100 கிலோமீட்டருக்கு மேல் சுற்றும் பயணமானது. உணவகங்களும் மருத்துவமனையும் ஆளுக்குப் படுக்க இடம் தேடி அலைந்தன. அமெரிக்காவிலேயே தனிநபர் வருமானம் மிக உயர்ந்த கவுன்ட்டியில்தான் ஜாக்சன் இருக்கிறது. அத்தனை செல்வமும் ஒற்றைச் சாலையை நம்பிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் பளிச்சென்று தெரிந்தது.

இந்த இடத்தில் நிறுவனங்கள் முன்வந்து, சரி, நாங்களே கட்டித் தருகிறோம் என்கின்றன. பல மலைகளில் நிறுவனக் குடியிருப்புகள் உண்டு. அறைக்கு இரண்டு, மூன்று பேர், வாடகை சம்பளத்திலேயே பிடித்தம். முன்பின் தெரியாத ஊருக்கு டிசம்பரில் வந்து இறங்கும் பெரு நாட்டு மாணவருக்கு இது பெரிய உதவி. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச் 14 காட்டிவிட்டது. அன்று கொலராடோ ஆளுநர் ஜாரெட் போலிஸ் கொரோனா காரணமாக மாநிலத்தின் எல்லாப் பனிச்சறுக்கு மலைகளையும் மூடச் சொன்னார். பருவம் ஒரே இரவில் முடிந்தது. சொந்தமாக வாடகைக்கு இருந்தவருக்கு வேலை போயிற்று. நிறுவனப் படுக்கையில் இருந்தவருக்கு வேலையோடு, இருக்கும் இடமும் கேள்விக்குறியானது, விமானங்களும் நின்றுகொண்டிருந்த வேளையில். பெருந்தொற்று அபூர்வம் என்று தள்ளிவிடலாம். ஆனால் முழங்கால் தசைநார் அறுந்து வேலை செய்ய முடியாமல் போவது மலையில் அபூர்வமல்ல. மேலாளரோடு மனத்தாங்கல் வருவதும் கூடுதல் நேரக் கூலியைக் கேட்பதும் எங்குமே அபூர்வமல்ல. இவை ஒவ்வொன்றிலும் அறைச்சாவி பேச்சுவார்த்தை மேசைக்கு வந்துவிடுகிறது.

கொலராடோவுக்கு இது தெரியாத பாடமும் அல்ல. அந்த மாநிலத்தின் தெற்கே நிலக்கரி நிறுவனங்கள் தொழிலாளிக்கு வீடு கொடுத்தன, கடை வைத்தன, வேலைநிறுத்தம் செய்தால் வீட்டைப் பிடுங்கின. 1913 செப்டம்பரில் அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் லட்லோவில் கூடாரம் போட்டு அந்தக் குளிர்காலத்தைக் கழித்தன. 1914 ஏப்ரல் 20 அன்று மாநிலக் காவற்படையும் நிறுவனக் காவலர்களும் அந்தக் கூடாரங்களைச் சுட்டு எரித்ததில் சுமார் 20 பேர் மாண்டார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். இன்றைய பனிச்சறுக்கு நிறுவனங்களை அன்றைய சுரங்க முதலாளிகளோடு ஒரே தட்டில் வைப்பது அநியாயம். நான் அதைச் செய்யவில்லை. ஏற்பாட்டின் எலும்புக்கூடு ஒன்றுதான் என்கிறேன். பார்க் சிட்டியில் பதின்மூன்று நாள் வேலைநிறுத்தம் தாக்குப் பிடித்ததென்றால், பதின்மூன்று இரவும் படுக்க இடம் இருந்தவர்களால்தான் அது முடிந்தது. நிறுவனக் குடியிருப்பில் இருக்கும் மாணவர் அப்படி ஒன்றைக் கனவிலும் நினைக்க முடியாது.

இதற்கு மாற்று காகிதத்தில் மட்டும் இருக்கும் திட்டமல்ல. வெய்ல் நகராட்சி 2017இல் தொடங்கிய ‘வெய்ல் இன்டீட்’ ஏற்பாட்டைப் பாருங்கள். இதில் நகராட்சி வீடு கட்டுவதில்லை, வாங்குவதுமில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், உங்கள் பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சம்மதித்தால் இவ்வளவு ரொக்கம் தருகிறோம் என்கிறது. நிபந்தனை இதுதான்: இந்த வீட்டில் குடியிருப்பவர் ஈகிள் கவுன்ட்டிக்குள் வாரத்துக்குச் சராசரி 30 மணி நேரமாவது வேலை செய்பவராக இருக்க வேண்டும். வருமான வரம்பு இல்லை, விற்பனை விலைக்கு உச்சவரம்பு இல்லை. யாரிடம் வேலை செய்கிறார் என்ற கேள்வியும் இல்லை. இன்று லிஃப்டில், நாளை மருத்துவமனையில், மறுநாள் சொந்தக் கடையில் என்று மாறினாலும் வீடு வீடாகவே இருக்கும். வீடு கைமாறினாலும் நிபந்தனை பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். இதில் எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம். புதிதாக ஒரு செங்கல் வைக்காமல், விடுமுறை வீடாகப் போகவிருந்ததைத் தொழிலாளி வீடாக நிறுத்தி வைக்கிறது.

கனடா இன்னும் துணிச்சலாகப் போயிருக்கிறது. விஸ்லர் 1997இல் தனி வீட்டுவசதி ஆணையம் அமைத்து, ஊரில் வேலை செய்பவர்களில் 75 சதவீதம் பேராவது ஊருக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்குக் கட்டிய வீரர் குடியிருப்பு, போட்டி முடிந்ததும் ஊழியர் குடியிருப்பாக மாறியது. பெரும்பாலான ஒலிம்பிக் நகரங்கள் இப்படி முன்யோசனையோடு கட்டியதில்லை. பான்ஃப் இன்னும் ஒரு படி மேல். தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர் என்பதால் அங்கே நிலம் முழுவதும் அரசுக் குத்தகை. பூங்காவுக்குள் வேலையோ தொழிலோ உள்ளவரும் அவருடைய குடும்பமும்தான் வசிக்கலாம் என்பது மத்திய விதி. கோடீஸ்வரரானாலும் பான்ஃபில் விடுமுறை வீடு வைத்துக்கொள்ள முடியாது. சுற்றுலா அழிந்துவிட்டதா? ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கேயும் காலி வீடு கிடைப்பது அரிது, வாடகை மலிவுமில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அங்குள்ள நெருக்கடி அங்கே வேலை செய்பவர்கள் தங்களுக்குள் போட்டியிடுவதால் வருவது. ஆண்டில் பத்து மாதம் விளக்கெரியாத வீடுகளின் தெருவில் நின்றுகொண்டு வாடகைக்கு அறை தேடும் கொடுமை அங்கே இல்லை.

சொத்துரிமை பேசுபவர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு கனமானது. என் வீட்டில் யார் இருக்கலாம் என்று அரசு ஏன் தீர்மானிக்க வேண்டும்? வெய்ல் முறையில் பதில் எளிது: சொந்தக்காரர் தாமாக விற்கும் உரிமைக்கு நகராட்சி விலை கொடுத்து வாங்குகிறது. இதைவிடக் கடினமான மறுப்பு ஆஸ்பெனிலிருந்து வருகிறது. ஆஸ்பென், பிட்கின் கவுன்ட்டி வீட்டுவசதி ஆணையத்தின் கீழ் 3,000 வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. ஏழாயிரம் பேர் வாழும் ஊருக்கு இது மலைக்க வைக்கும் எண்ணிக்கை. இளமையில் ஊழியராக நுழைந்தவர்கள் இப்போது ஓய்வுபெற்று அதே வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை வெளியேற்றினால் மனிதாபிமானமில்லை. இருக்கவிட்டால் புதிதாக வரும் செவிலியருக்கு வீடில்லை. வேலையோடு வீட்டை இணைத்தால் வயதானதும் தெருவில் நிற்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, பான்ஃப் விதியிலேயே ஒரு வழி இருக்கிறது: ஓய்வுக்கு முன் தொடர்ந்து ஐந்தாண்டு பூங்காவில் வேலை செய்தவர் அங்கேயே வசிக்கலாம். ஓய்வுபெற்றவரும் ஊரின் அங்கம்தான். அவர் தங்கிவிடுவார் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்து வீடுகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆஸ்பென் தவறியது அந்தக் கணக்கில். திட்டமே தவறென்று அதற்குப் பொருளில்லை.

தாராளமாகக் கட்ட விட்டால் போதும், நிபந்தனை எதற்கு என்பவர்களும் உண்டு. நிபந்தனையில்லாமல் கட்டினால் அடுத்த விடுமுறை வீடுதான் வரும் என்பது ஒருபுறமிருக்க, கட்டவே விடுவதில்லை என்பதுதான் உண்மையான தடை, அதுவும் ஊர்க்காரர்களே. கொலராடோவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் பெயர் சொல்ல விரும்பாத கொடையாளி ஒருவர் தந்த 2.4 கோடி டாலரில் 2021இல் 534 ஏக்கர் நிலம் வாங்கி, உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் திட்டமிட்டார்கள். நிலத்தை நகர எல்லைக்குள் சேர்க்கும் முன்மொழிவை 2024 மார்ச்சில் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். வெய்லில் கதை தலைகீழ். கிழக்கு வெய்லில் தனக்குச் சொந்தமான நிலத்தில் 165 ஊழியர்களுக்குக் குடியிருப்பு கட்ட வெய்ல் ரிசார்ட்ஸ் முன்வந்தது. பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிகள் குளிர்காலத்தில் மேயும் இடம் அது என்று சொல்லி, 2022இல் நகரமன்றம் அந்த நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தத் தீர்மானித்தது. ஆடுகளின் வாதத்தில் உண்மை இருந்தது. அந்த மந்தை சிறியது, மேய்ச்சல் நிலம் குறைவு. ஆனால் அதே பகுதியில் சொகுசு வீடுகள் எழுந்தபோது ஆடுகளை யாரும் இவ்வளவு உருக்கமாக நினைத்ததில்லை. ஆட்டுக்கும் ஊழியருக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு ஊர் வந்ததே, மற்ற இடமெல்லாம் வேறு யாருக்கோ போன பிறகுதான்.

இதற்கெல்லாம் பணம்? ஆஸ்பெனில் சொத்துக் கைமாறும்போது ஒரு சதவீதம் வீட்டுவசதி நிதிக்குப் போகிறது. நம்மூர் முத்திரைத் தீர்வை போல என்று வைத்துக்கொள்ளலாம். சொத்து விலை ஏறினால் நிதியும் ஏறும். நோயே மருந்துக்குப் பணம் கட்டுகிறது. வெய்லிலும் ஒரு சதவீதம் வசூலாகிறது, ஆனால் அது பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும். மற்ற ஊர்கள் ஆஸ்பெனைப் பின்பற்றலாமே என்றால், 1992இல் கொலராடோ அரசமைப்பில் சேர்ந்த வரிக் கட்டுப்பாட்டுத் திருத்தம் புதிதாக இத்தகைய வரி போடுவதைத் தடுத்துவிட்டது; முன்பே போட்டவர்கள் மட்டும் தப்பினார்கள். அந்தத் தடையை மலையூர்களுக்கு மட்டுமாவது தளர்த்த மாநில வாக்காளர்களைச் சம்மதிக்க வைப்பது கடினம்; முயலாமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

அதுவரை காத்திருக்க வேண்டியதுமில்லை. வெய்ல் உட்பட மேற்கின் பெரும்பாலான பனிச்சறுக்குச் சரிவுகள் பொதுச்சொத்து. அமெரிக்க வனத்துறை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 40 ஆண்டு வரை உரிமம் கொடுக்கிறது. அதற்கு ஈடாக நிறுவனம் தன் வருவாயில் ஒன்றரை முதல் நான்கு சதவீதம் வரை படிநிலைக் கட்டணம் செலுத்துகிறது. பொது மலையில் பணம் பண்ணும் நிறுவனத்திடம், வேலைக்கு வைப்பவர்களில் இத்தனை பேருக்குப் படுக்கை உறுதி செய் என்று நிலத்துக்குச் சொந்தக்காரரான அரசு கேட்பதில் அநியாயம் எதுவுமில்லை. கேட்க வேண்டிய விதம்தான் முக்கியம். நிறுவனம் கட்ட வேண்டும், சாவியை உள்ளூர் வீட்டுவசதி ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாடகை சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது, வேலை போனாலும் பருவம் முடியும் வரை அறை போகக் கூடாது. வனத்துறையின் வேலை மரமும் பனியும்தான், வீட்டுவசதி இல்லை என்று நிறுவனங்கள் வாதிடும். 2018 வேளாண் சட்டம் வனத்துறை தன் அலுவலக வளாக நிலங்களைக் குத்தகைக்கு விட வழிசெய்தது. அதைப் பயன்படுத்தி சம்மிட் கவுன்ட்டியின் டில்லனில் தொழிலாளர் வீடுகளுக்கு நிலம் தர அதே துறை முன்வந்திருக்கிறது. அதனால் அந்த வாதம் பாதி விழுந்துவிட்டது. மீதிப் பாதிக்கு இன்னும் எளிய பதில் இருக்கிறது. புதிய லிஃப்ட் போட நிறுவனம் விண்ணப்பித்தால், சரிவில் எத்தனை மரம் விழும், ஓடையில் எவ்வளவு மண் சேரும், காட்டு விலங்குக்கு என்ன ஆகும் என்றெல்லாம் ஆய்வறிக்கை கேட்கிறார்கள். அந்த லிஃப்டை ஓட்டக் கூடுதலாக எத்தனை பேர் வேண்டும், சாலை மூடிய இரவில் அவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று அதே அறிக்கையில் ஓர் அத்தியாயம் கேட்கட்டும். அந்த அத்தியாயம் வெறுமையாக வந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பட்டும்.